வராதவர்களின் பட்டியல்

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வந்த கையோடு சில வாப்பாமார் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு என் டிஸ்பென்சரிக்கு வருவார்கள். மருந்துக்கல்ல, ஆலோசனைக்கு. "மகன் கொம்பியூட்டர்ல கெட்டிக்காரன். உம்மாவுக்கு அவன டொக்டராக்கோணும்னு ஆச. ரெண்டையும் சேர்த்துச் செய்யேலுமா டொக்டர்?"

ஏலும் என்பதுதான் என் பதில். அப்புத்தளை பஸாரில் பல வருடங்களாகக் குடும்ப வைத்தியம் பார்க்கிறேன். இடையில் மருத்துவத் தகவலியலும் படித்தேன். காலையும் மாலையும் நோயாளர், வாரத்தில் இரண்டு பகல் பொழுதுகள் கணினி. ஆனால் இப்படிச் சொன்னதும் பிள்ளையின் கண்ணில் ரோபோவும் செயற்கை நுண்ணறிவும் மின்னத் தொடங்கிவிடும். அது அவன் பிழையல்ல, பத்திரிகைகள் அப்படித்தான் எழுதுகின்றன. இந்த மலைப்பக்கத்தில் ஒரு குடும்ப வைத்தியருக்குக் கொம்பியூட்டர் செய்து தருகிற மிகப் பெரிய உதவி ஒரு சாதாரணப் பட்டியல்: மருந்துக்கு வரவேண்டிய நாளில் யார் யார் வரவில்லை என்கிற பட்டியல். இவ்வளவுதானா என்று தோன்றும். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1400 மீற்றருக்கு மேலே, மலையின் முதுகில் இருக்கிற ஊர். பஸாரில் எமது ஆட்களின் கடைகள், சிங்களக் கடைகள், தமிழ்க் கடைகள். பஸாரை விட்டு வெளியே கால் வைத்தால் தோட்டம். தோமஸ் லிப்டன் 1890 இல் கட்டிய தம்பேதன்ன தொழிற்சாலைக்குப் போகிற பஸ் இங்கிருந்துதான் புறப்படுகிறது. அந்த பஸ்ஸில் காலையில் வந்து இறங்குகிறவர்கள் என் வாங்கில் பாதியை நிரப்புவார்கள். மற்றப் பாதி பஸார்வாசிகளும் சுற்றுக் கிராமத்தவரும்.

இனி, கொழுந்து எடுக்கிற ஒரு தாயை எடுத்துக்கொள்ளுங்கள். வயது ஐம்பதைத் தாண்டுகிறது. பிரஷர் இருக்கிறது, கூடவே சீனி வருத்தம். இந்த இரண்டுக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு, ஆரம்பத்தில் நோவு தராது. அரசாங்க கிளினிக்கில் குளிசை இலவசம். ஆனால் கிளினிக் நாளில் மலைக்குப் போக முடியாது, பேர் விழாது. நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபா என்றும் 2024 இல் 1350 ரூபா என்றும் வர்த்தமானியில் வந்தது. ஆகவே இலவசக் குளிசையின் விலை ஒரு நாட்சம்பளமும் பஸ் காசும். "டொக்டரய்யா, ஒரு நாள் வந்தா பேரு போகுது, வராட்டி ஒண்ணும் ஆகல" என்று ஒரு அம்மா என்னிடம் கணக்குச் சொன்னார். அவருடைய கணக்கில் பிழை சொல்ல முடியாது. வராவிட்டால் அந்த மாதம் ஒன்றும் ஆகாது. அடுத்த மாதமும் ஒன்றும் ஆகாது. இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு விடியற்காலையில் வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் விழுந்த நிலையில் தியத்தலாவைக்கோ பதுளைக்கோ கொண்டுபோவார்கள்.

அந்தத் தாய் வராமல் நின்றுபோனது யாருக்குத் தெரியும்? வைத்தியருக்குத் தெரியாது. அவர் முன்னால் உள்ள கதிரை ஒருபோதும் காலியாக இருப்பதில்லை. ஒருவர் எழும்ப மற்றவர் உட்காருவார். வாங்கு நிறைய ஆட்கள் இருப்பதால் எல்லோரும் வந்துவிட்டதாகவே தோன்றும். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய கண்கட்டு வித்தை கிடையாது.

எமது நாட்டில் வெளிநோயாளரின் வரலாறு பெரும்பாலும் அவர் கையிலுள்ள கொப்பியில்தான் இருக்கிறது. கடையில் வாங்கும் சாதாரண அப்பியாசக் கொப்பி, மேலே பொலித்தீன் உறை. எனக்கு அந்தக் கொப்பியில் மரியாதை உண்டு. நோயாளி தன் வரலாற்றைத் தானே வைத்திருப்பது நல்ல ஏற்பாடு, பல பணக்கார நாடுகளில் இல்லாதது. ஆனால் ஆள் வராவிட்டால் கொப்பியும் வராது. வைத்தியசாலையிடம் மிஞ்சுவது ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் கொப்பி நனைந்து மை பரவிவிடும். 2014 ஒக்டோபர் 29 காலையில், எமக்குக் கீழே கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர் தப்பியவர்கள் உடுத்த துணியோடு வந்தார்கள். அப்படியொரு நாளில் கிளினிக் கொப்பியை யார் தேடி எடுப்பார்?

இந்த விஷயத்தில் என் கண்ணைத் திறந்தவர் வேல்ஸ் நாட்டின் ஒரு கிராமத்து வைத்தியர், ஜூலியன் டியூடர் ஹார்ட். 1961 இல் கிளின்கோரூக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். ஏறக்குறைய 2000 பேர் கொண்ட ஊர், எல்லாரும் சுரங்கத்தை நம்பியவர்கள். எங்கள் தோட்டங்களைத் தெரிந்தவருக்கு அந்த ஊரைப் புரியவைக்கத் தேவையில்லை. அங்கே அவர் வருத்தம் என்று வந்தவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஊரில் வளர்ந்தவர் ஒவ்வொருவருடைய இரத்த அழுத்தத்தையும் அளந்து எழுதுவது என்று புறப்பட்டார். ஒரு முழு ஊரையும் அப்படி அளந்த முதல் வைத்தியர் அவர் என்று சொல்வார்கள். அவரிடம் அப்போது கணினி இல்லை. பெயர்ப் பட்டியலும் அட்டைகளும் மட்டும் இருந்தன. பெயருக்கு நேரே எண் இல்லாவிட்டால் அந்த ஆளைத் தேடிப் போனார்கள்.

அந்தக் காலத்தில் இதற்குப் 'பாதி விதி' என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பிரஷர் உள்ள 100 பேரில் பாதிப் பேருக்குத்தான் அது தெரிந்திருக்கும். தெரிந்தவர்களில் பாதிப் பேர்தான் மருந்து எடுப்பார்கள். எடுப்பவர்களில் பாதிப் பேருக்குத்தான் கட்டுப்பாட்டில் இருக்கும். 50, 25, கடைசியில் 12 அல்லது 13 பேர். மற்றவர்கள் வைத்தியரின் கதிரைக்கு வெளியே இருக்கிறார்கள். ஹார்ட் 25 வருட வேலையின் முடிவை 1991 இல் வெளியிட்டார். 65 வயதுக்குக் கீழ்ப்பட்ட மரணங்கள் பக்கத்துக் கிராமத்தைவிட நான்கில் ஒரு பங்குக்கும் கூடுதலாகக் குறைந்திருந்தன. புது மருந்து ஒன்றும் அவர் கண்டுபிடிக்கவில்லை. உலகம் அவரை நினைப்பது 1971 இல் லான்செட்டில் எழுதிய ஒரு கட்டுரைக்காக: நல்ல வைத்தியம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். எனக்கு அந்தக் கட்டுரையைவிட அவருடைய அட்டைகள்தான் பெரிதாகப் படுகின்றன.

எழுதிவைப்பது எங்கள் மரபுக்குப் புதிதா என்றால், இல்லை. அபூபக்ர் அர்ராஸி நோயாளரைப் பற்றிச் சொன்னவற்றை மாணவர்கள் தொகுத்த 'கிதாபுத் தஜாரிப்' என்ற நூலில் ஏறக்குறைய 900 நோயாளரின் குறிப்புகள் உள்ளன. வயது, தொழில், வந்த கோளாறு, கொடுத்த மருந்து என்று அவை போகும். அதே ராஸி வைத்தியர் கிடைக்காதவனுக்காகவே தனியாக ஒரு நூல் எழுதினார். 'மன் லா யஹ்ளுருஹுத் தபீப்' என்று பெயர். ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஒரு மாபெரும் வைத்தியரின் யோசனை தன் வாசலுக்கு வராதவனைப் பற்றியும் போயிருக்கிறது.

எமது நாட்டிலும் வராதவரைத் தேடிப் போகிற ஒரு முறை நெடுங்காலமாக உண்டு. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து வளர்ந்து வந்த முறை அது. குடும்பநல உத்தியோகத்தரிடம், நாங்கள் மிட்வைஃப் மிஸ் என்போமே அவரிடம், தன் பகுதியிலுள்ள தகுதியுள்ள குடும்பங்களின் பதிவேடு இருக்கிறது. யார் கர்ப்பிணி, எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி என்று அதைப் பார்த்தால் தெரியும். நாள் தவறினால் வீட்டு வாசலில் வந்து நிற்பார். தாய் சேய் நலத்தில் இலங்கைக்குக் கிடைத்த நல்ல பெயரில் பெரும் பங்கு அந்தக் கனத்த பதிவேட்டுக்கும் அதைச் சுமந்து நடந்த பெண்களுக்கும் உரியது. தோட்டங்களுக்கு இந்த ஏற்பாடு பிந்தித்தான் வந்தது. 1872 இலும் 1912 இலும் வந்த சட்டங்கள் தோட்டத்து வைத்தியத்தைத் தனியாக ஒதுக்கி வைத்தன. துரைமாரின் பொறுப்பில் டிஸ்பென்சரி என்ற பழக்கம் அந்த வழியில் வந்ததுதான், அதன் மிச்சம் இன்றும் இருக்கிறது.

பிள்ளைக்கு ஊசி தவறினால் தேடிவர ஒருவர் இருக்கிறார். பிள்ளையின் பாட்டிக்குப் பிரஷர் குளிசை தவறினால் யாரும் தேடி வருவதில்லை. நான் கணினிக்குப் போனது இந்த இடைவெளியைப் பார்த்துத்தான்.

முதலில் செய்தது ஒரு எக்செல் அட்டவணை. பெயர், வயது, தோட்டம் அல்லது தெரு, நோய், கொடுத்த குளிசை, எத்தனை நாளைக்கு. ஏழாவது நிரல்தான் உயிர்: அடுத்து வரவேண்டிய திகதி. முப்பது நாளைக்கு மருந்து கொடுத்தால் முப்பதாவது நாள் அதில் விழும். வந்தால் திகதி தள்ளிப்போகும். வராவிட்டால் நிற்கும். வாரத்தில் ஒருநாள் திகதி கடந்த பெயர்களை மட்டும் மேலே எடுக்கச் சொன்னால் ஒரு பட்டியல் கிடைக்கும். இதற்கு மென்பொருள் எழுதத் தெரியவேண்டியதில்லை. ஓ லெவல் பிள்ளை செய்கிற வேலை. ஆனால் முதன்முதலாக அந்தப் பட்டியலைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வாங்கு நிறைந்திருந்த அதே மாதத்தில் இத்தனை பேர் வராமல் இருந்திருக்கிறார்களா என்று.

சிக்கல்கள் அதற்குப் பிறகுதான் தெரிய வந்தன. முதலாவது பெயர். என் பட்டியலில் எத்தனை பாத்திமா! ஒருவரே ஒரு முறை 'பாத்திமா', இன்னொரு முறை 'பாதிமா', ஆங்கிலத்தில் எழுதினால் வேறு மூன்று விதம். தோட்டத்து லெட்சுமி அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, சிங்களத்தில் எழுதிய கிளினிக் துண்டில் வேறு மாதிரி. மனிதனுக்கு ஒரே ஆள் என்று தெரியும். கணினிக்கு மூன்று ஆள். மூன்று பேராகப் பிரிந்துவிட்டால் ஒருத்தி வந்துகொண்டிருப்பாள், மற்ற இருவர் எப்போதும் வராதவர்கள். சுகாதார அமைச்சு தனிநபர் சுகாதார இலக்கம் என்ற ஒன்றைக் கொடுக்கத் தொடங்கியது இதற்காகத்தான். 11 இலக்கங்கள். முதற்பகுதி எந்த இடத்தில் கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்லும், பிறகு தொடர் இலக்கம், கடைசி ஒன்று சரிபார்க்க. முன்னுள்ளவற்றை ஒரு வாய்பாட்டின்படி கூட்டிப் பார்த்தால் அந்தக் கடைசி இலக்கம் வரவேண்டும். இலிகிதர் அவசரத்தில் 6 ஐ 9 ஆக அடித்தால் கணக்குப் பொருந்தாது, இயந்திரம் உடனே மறுத்துவிடும். இதையே ஏன் தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் செய்யக்கூடாது என்று கேட்பீர்கள். பிறந்த குழந்தைக்கு அது இல்லை. தோட்டத்து முதியவர்கள் பலரிடமும் அது நெடுநாள் இருக்கவில்லை.

இரண்டாவது முகவரி. 2020 ஊரடங்குக் காலத்தில் கிளினிக் மருந்துகளைத் தபால் திணைக்களம் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தது, மெச்சவேண்டிய காரியம். ஆனால் லயத்துக்கு ஏது தனி முகவரி? தோட்டத்தின் பெயர்தான் முகவரி, டிவிஷன் பெயர் போட்டால் பெரிய காரியம். வீட்டுக்கு வீடு இலக்கமில்லாத ஓர் இடத்தில் வராதவரைத் தேடுவது எப்படி? கடைசியில் கைத்தொலைபேசி. அதிலும் சிம் மாறும், இலக்கம் மகனுடையதாக இருக்கும், மகன் கொழும்பில் இருப்பான்.

இங்கேதான் கணினி மட்டும் தெரிந்தவருக்கும் வைத்தியம் தெரிந்தவருக்கும் உள்ள வித்தியாசம் வெளியே வரும். கணினிக்காரத் தம்பி ஒருவர் எனக்குத் தானாகவே குறுஞ்செய்தி அனுப்புகிற வசதி செய்து தந்தார். 'உங்கள் நீரிழிவு சிகிச்சைக்கான திகதி கடந்துவிட்டது' என்று அழகான தமிழில் எழுதியிருந்தார். நான் முதலில் அழித்தது 'நீரிழிவு' என்ற சொல்லை. அந்த இலக்கம் பக்கத்து லயத்து வீட்டுக்காரருடையதாக இருக்கலாம். மணம் பேசி வைத்திருக்கிற பெண்ணின் வருங்கால மாமியார் படிக்கலாம். நோய் காசமாகவோ குடும்பக் கட்டுப்பாடாகவோ இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாத மூத்தவர்களுக்குக் குறுஞ்செய்தி எதற்கு என்பது வேறு கதை. அவர்களுக்கு இப்போது மருந்து கொடுக்கும் தங்கச்சி பேசுகிறார். "வியாழக்கிழமை வாங்கம்மா, சும்மா பார்க்கத்தான்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார்.

தனியார் டிஸ்பென்சரி ஆளை அழைத்தால் வியாபாரம் பிடிக்கிறார் என்ற பேச்சும் வரும், வந்தது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். இங்கே வரவேண்டும் என்று சொல்வதில்லை. அரசாங்க கிளினிக்குக்குப் போயிருந்தால் நல்லது, குளிசையை நிறுத்தாமல் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு அட்டவணையில் 'கிளினிக்கில் எடுக்கிறார்' என்று போட்டுக்கொள்வோம்.

வைத்தியர்கள் தாமே கணினி வேலையில் இறங்குவது உலகத்தில் புதிதல்ல. இங்கிலாந்தில் எக்ஸெட்டர் நகரத்துப் பொது வைத்தியர் ஜோன் பிரீஸ் 1970 இலேயே நோயாளி பார்க்கிற அறைக்குள் கணினியைக் கொண்டுவந்தார். 1987 இல் யோர்க்ஷயரின் எக்டன் என்ற சின்னக் கிராமத்தில் பீற்றர் சோவர்பி, டேவிட் ஸ்டேபிள்ஸ் என்ற இரண்டு வைத்தியர்கள் தங்கள் டிஸ்பென்சரிக்குச் செய்துகொண்ட நிரல்தான் ஈமிஸ் என்ற நிறுவனமாக வளர்ந்தது. இங்கிலாந்தின் பொது வைத்தியர்களில் பெரும் பங்கினர் பிற்பாடு அதைப் பயன்படுத்தினார்கள். 2023 இல் ஓர் அமெரிக்கக் கம்பெனி அதைப் பெரும் பணத்துக்கு வாங்கியது. கிராமத்து வைத்தியரின் நோயாளர் பட்டியல் கடைசியில் யார் கைக்குப் போய்ச் சேரும் என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

எமது நாட்டில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 2009 இல் வைத்தியர்களுக்கென உயிரியல் மருத்துவத் தகவலியலில் முதுமாணிப் படிப்பைத் தொடங்கியது. நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகம் கைகொடுத்தது. அதே பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வளர்ந்த டி.எச்.ஐ.எஸ் 2 என்ற இலவச மென்பொருளைக் குடும்பச் சுகாதாரப் பணியகம் தாய் சேய் நலக் கணக்குகளுக்குப் பயன்படுத்துகிறது. மிட்வைஃப் மிஸ் நடந்து நடந்து எழுதியது மாதக் கடைசியில் இதற்குள் போகிறது. 2020 ஜனவரி 27 அன்று இலங்கையில் முதலாவது கொரோனா தொற்றாளர் கண்டறியப்பட்டார். அந்த நாட்களிலேயே எமது தகவலியல் வைத்தியர்கள் வெளிநாட்டிலிருந்து வருபவர்களைப் பதிந்து பின்தொடரும் பகுதியொன்றை அந்த மென்பொருளில் அமைத்துவிட்டார்கள். பிறகு ஒஸ்லோ அதைப் பொதுவாக்கி மற்ற நாடுகளுக்கும் கொடுத்தது. இது எம்மவர் செய்த காரியம். வெளியே பலருக்குத் தெரியாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணக்கு மேலே போகப்போகப் பெயர் உதிர்ந்துவிடும். கொழும்புக்குப் போய்ச் சேரும்போது எண்ணிக்கை மட்டும் மிஞ்சும். அமைச்சுக்கு அது போதும், குளிசை எத்தனை வாங்குவது என்று தெரிந்தால் சரி. எனக்குப் போதாது. எனக்கு லெட்சுமியம்மா வேண்டும். பெயர் கீழேயே, பார்க்கிற வைத்தியரிடமே இருப்பதும் எண்ணிக்கை மட்டும் மேலே போவதும்தான் சரியான ஒழுங்கு.

பெயர்ப் பட்டியல் என்றால் பயப்படுவதற்கு எமக்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்து மக்களைக் கேளுங்கள். அவர்கள் பாட்டன் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. கடன் இவ்வளவு என்று எழுதிய காகிதம், அதைத் தீர்க்காமல் தோட்டம் மாற முடியாது. 1921 இல்தான் அதை ஒழித்தார்கள். பிறகு 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்களாக ஆக்கியது. நான் புதிதாகக் கணினியில் தட்டத் தொடங்கியபோது ஒரு பெரியவர், "டொக்டரய்யாவும் செக்ரோல் போட ஆரம்பிச்சிட்டாரு" என்று சிரித்தார். முழுச் சிரிப்பு அல்ல அது.

எமது சமூகத்துக்கும் 2020 மறக்காது. கொரோனாவில் மௌத்தானவர்களின் ஜனாஸாக்களை எரிப்பது கட்டாயம் என்று ஏப்ரல் 11 இல் வர்த்தமானி வந்தது. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது, மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் அடக்கங்கள் நடந்தன. இடைப்பட்ட மாதங்களில் காய்ச்சலைச் சொல்லப் பயந்தவர்கள் என்னிடமும் இருந்தார்கள். "டொக்டர், பேர எழுதாம மருந்து தாங்க" என்றார் ஒரு மூத்த ராத்தா. எந்த மென்பொருளாலும் அந்தப் பயத்தைத் தீர்க்க முடியாது. பெயர் எதற்குப் பயன்படும், யாரிடம் போகும் என்று சொல்லக்கூடிய ஒரு முகம் எதிரே இருந்தால் ஓரளவு தீரும். அந்த ராத்தாவின் பெயரை எழுதினேன், ஏன் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு. அவர் ஒத்துக்கொண்டார்.

நோயாளியின் இரகசியம் அமானிதம் என்று நாம் வாயால் சொல்வது எளிது. கணினி வந்தபின் அதைப் பூட்டு சாவியோடு செய்யவேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையில் வைத்திருக்கிறது. என் டிஸ்பென்சரியில் திரை நோயாளியின் பக்கமும் திரும்பக்கூடியதாக இருக்கும், தன்னைப் பற்றி என்ன எழுதுகிறேன் என்று அவர் பார்க்கலாம். மருந்து கொடுக்கும் தங்கச்சிக்குப் பெயரும் திகதியும் மட்டும் தெரியும், நோய் தெரியாது. மின்சாரம் போனால் பார்க்க ஒரு கடதாசிப் பிரதி உண்டு, அது இரும்பு அலுமாரியில். வாட்ஸ்அப்பில் நோயாளியின் அறிக்கையைப் படம் பிடித்து நண்பனுக்கு அனுப்பி 'இது என்னடா' என்று கேட்கிற இளம் வைத்தியர்கள் இந்தப் பந்தியை இன்னொரு முறை வாசிக்கவும்.

பட்டியலின் பயன் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிவது ரமழானுக்கு முன்னால்தான். ஷஃபான் பிறந்ததும் சீனி வருத்தமுள்ள எமது ஆட்களை மட்டும் தனியாக எடுக்கச் சொல்வேன். சர்வதேச நீரிழிவுச் சம்மேளனமும் நீரிழிவு–ரமழான் கூட்டமைப்பும் 2016 இலும் 2021 இலும் வெளியிட்ட வழிகாட்டல்கள் ஒவ்வொருவரின் ஆபத்தையும் புள்ளியிட்டுப் பார்க்கச் சொல்கின்றன. இன்சுலின் ஏற்றுபவர், சிறுநீரகம் பழுதானவர், அண்மையில் சீனி இறங்கி மயங்கியவர் எல்லாம் மேல் வரிசையில் வருவார்கள். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்குப் பயம் குறைவு. கிளிபென்கிளமைட் போன்ற பழைய குளிசை எடுப்பவருக்கு அஸர் நேரத்தில் சீனி சட்டென்று இறங்கலாம். மருந்தை மாற்றுவதோ நேரத்தை மாற்றுவதோ நோன்புக்கு முன்னமே செய்யவேண்டிய வேலை. தாமாக மாற்றக்கூடாது. இரத்தத்தில் சீனி 70 க்குக் கீழே போனாலும் 300 ஐத் தாண்டினாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும். விரல் நுனியில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது பெரும்பாலான உலமாக்களின் நிலைப்பாடு. ஆனாலும் முறிந்துவிடும் என்று பார்க்காமலே இருப்பவர்கள் நிறைய. ஷஃபானில் நான் அழைக்கும் ஆட்களில் பாதிக்கு மேல் அந்தச் சந்தேகத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

அழைக்காவிட்டால் இவர்கள் வரமாட்டார்கள். நோன்பு பிடிக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிடுவார் என்ற பயம். வந்தவர்களில் பலருக்கு நான் பிடிக்கலாம் என்றே சொல்லியிருக்கிறேன்.

இனி வாப்பாமாரின் கேள்விக்கு வருகிறேன். முதலில் வைத்திய பீடம், பிறகு உள்ளகப் பயிற்சி, மருத்துவ சபைப் பதிவு. அதற்குப் பிறகு கொஞ்ச வருடம் நோயாளரைப் பார்க்கவேண்டும், கணினியைத் தொடாவிட்டாலும் பரவாயில்லை. குடும்ப மருத்துவத்தில் டிப்ளோமாவும் எம்.டியும் உண்டு. பொது வைத்தியர்களின் கல்லூரி 1974 முதல் இயங்குகிறது, அங்கே மூத்தவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். தகவலியல் முதுமாணியை அதன்பின் படித்தால் வகுப்பில் சொல்வது ஒவ்வொன்றும் ஒரு நோயாளியின் முகத்தோடு மனதில் பதியும். நிரல் எழுதத் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் எழுதுகிறவரோடு சண்டை பிடிக்கவாவது தெரியவேண்டும். சம்பளத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். மென்பொருள் கம்பெனிக்குப் போனால் கூடுதலாகக் கிடைக்கும், அதை மறைக்கத் தேவையில்லை.

பெண் பிள்ளைகளின் வாப்பாமாரும் இப்போது வருகிறார்கள். அவர்களுக்குத் தனியாகச் சொல்வது: தோட்டத்திலும் கிராமத்திலும் வராமல் நிற்பவர்களில் பெரும் பகுதி பெண்கள். ஆண் வைத்தியரிடம் சொல்லமுடியாத காரணங்கள் என் அட்டவணையில் வெற்று இடமாகவே இருக்கின்றன.

இன்னொன்று மொழி. சிங்களம் வாசிக்கத் தெரியாமல் இந்தப் பக்கத்தில் பட்டியல் வைக்க முடியாது. தோட்டத்துத் தமிழும் பழகவேண்டும். "தலை கிறுகிறுன்னு வருது", "நெஞ்சு படபடங்குது", "கை மரத்துப் போகுது" என்று அவர்கள் சொல்வது மூன்றும் மூன்று வெவ்வேறு விஷயங்கள். கொழும்பில் செய்த மென்பொருளில் அவற்றுக்கு ஒரே பெட்டிதான் இருக்கும், அதில் டிக் போட்டால் எல்லாம் ஒன்றாகிவிடும். நான் அந்தப் பெட்டியை விட்டுவிட்டு, கீழே உள்ள வெற்று வரியில் அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே தமிழில் அடித்து வைக்கிறேன்.